போர்க்களம் கண்ட முனிவர் டால்ஸ்டாய்

வெளிநாட்டுக் கொள்கை, ராஜதந்திரம், உடன்படிக்கை என்னும் சொற்களைக் கேட்டவுடன், அவையெல்லாம் தலைநகரத்துப் பெரிய மனிதர்களின் விவகாரம், மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் நமக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். இளைஞர்களுள் சிலர் அவ்வாறு எண்ணக்கூடும், பெரியோர் எண்ணமாட்டார்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் செய்துகொண்ட உடன்படிக்கை, நம்மவர் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று பங்கிட்டது. அந்தப் பிறகு 1974இல் வந்தது. எஞ்சியோரையும் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்து பறிக்கும் தாயையோ, கவ்வாத்து வெட்டும் தகப்பனையோ அழைத்து, உங்கள் விருப்பம் யாது என்று அந்த மேசையருகே எவரும் கேட்டாரில்லை. ஊவா மலைகளில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை என்பதை எமது லயங்கள் அறியும்.

அரசுகள் பேசி முடிப்பதன் பாரத்தை, அப்பேச்சில் இடமே பெறாத ஏழை ஏன் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நெஞ்சிலே சுமந்து திரிந்தார் ஒருவர். அவர் ஏழையல்லர், ருஷ்ய நாட்டுப் பிரபு குலத்திலே பிறந்தவர். லியோ டால்ஸ்டாய் என்ற அவர் பெயரை நாவலாசிரியர் என்ற முறையில் நம்மவர் பலர் அறிவர். போரும் வாழ்வும் என்ற பெயரில் அவரது பெருநாவல் தமிழிலும் வந்திருக்கிறது. ஆயினும் நாம் இங்கே எழுதப் புகுவது நாவலாசிரியரைப் பற்றியன்று. ருஷ்ய சாம்ராஜ்யம் அயல்நாடுகளோடு நடத்திய போர்களையும் கொண்ட நட்புகளையும் அருகிருந்து கண்டு, அவற்றின் அடிவேரைத் தேடிச் சென்ற சிந்தனையாளரைப் பற்றியே எழுதுகிறோம். அவர் கண்ட முடிவு கடல் கடந்து நம் தமிழ்த் தொழிலாளரிடத்தே வந்து சேர்ந்ததால், இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

மொஸ்கோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவில் யாஸ்னயா பொல்யானா என்னும் பெரிய பண்ணையில் 1828ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இரண்டு வயதிலே தாயையும், ஒன்பது வயதிலே தந்தையையும் இழந்தார். பண்ணையோடு அதில் உழைத்த அடிமைக் குடியானவர்களும் அக்குடும்பத்தின் சொத்தாக எண்ணப்பட்ட காலம் அது. 1844இல் காசான் சர்வகலாசாலையிற் சேர்ந்து அரபு, துருக்கி ஆகிய கீழைத்தேச மொழிகளைப் பயிலத் தொடங்கினார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? வெளிநாட்டுத் தூதுவர் உத்தியோகத்துக்காக! துருக்கியோடும் பாரசீகத்தோடும் ஓயாமல் வழக்காடிக்கொண்டிருந்த ருஷ்யப் பேரரசுக்கு அம்மொழிகள் அறிந்த இளைஞர் வேண்டியிருந்தனர். பிற்காலத்தில் ராஜதந்திரம் முழுவதையும் பொய் என்று தள்ளிய மனிதர், இளமையில் அந்த வாசற்படியிலேதான் முதலில் நின்றார். படிப்பிலே மனம் செல்லவில்லை, சட்டத்துக்கு மாறினார், அதிலும் நிலைக்காமல் 1847இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். சூதாட்டத்திலும் கேளிக்கையிலும் கழிந்த அடுத்த நாலாண்டுகளைப் பற்றி அவரே பின்னர் மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். நாம் அதை விரிக்கவேண்டியதில்லை.

1851இல் மூத்த அண்ணன் நிக்கொலாயுடன் காக்கேசிய மலைநாட்டுக்குச் சென்று, மறு ஆண்டு பீரங்கிப் படையிலே சேர்ந்தார். ருஷ்யா அப்போது அம்மலைகளை வென்று தன்னோடு சேர்த்துக்கொள்ள இமாம் ஷாமிலின் தலைமையில் நின்ற செச்சேனியர் முதலிய மலைமக்களோடு பல்லாண்டுப் போர் நடத்திக்கொண்டிருந்தது. காட்டை வெட்டிப் பாதையமைப்பதும், கிராமங்களைக் கொளுத்துவதும், விளைந்த பயிரை அழிப்பதும் அப்போரின் முறைகள். எல்லைப் பாதுகாப்பு, நாகரிகப் பணி என்றெல்லாம் தலைநகரிலே அதற்குப் பெயர் சூட்டினார்கள். இளம் டால்ஸ்டாயும் அந்தத் தாக்குதல்களில் பங்குகொண்டார். அங்கிருந்தபடியே எழுதிய முதல் நூல் 1852இல் வெளிவந்து புகழ் தந்தது. எனினும் எரிந்த கிராமத்தின் புகை அவரைவிட்டு அகலவில்லை போலும். எழுபது வயதைத் தாண்டிய பின்னர், ஹாஜி முராத் என்ற மலைநாட்டு வீரனின் கதையை எழுதி, அழிக்கப்பட்ட ஊருக்குத் திரும்பி வந்த மக்களின் உள்ளத்தை அதிலே காட்டினார். தாம் உயிரோடிருக்கும்வரை அதை அச்சிடவில்லை. அவர் மறைந்தபின் 1912இல்தான் அது வெளிவந்தது.

கிரிமியப் போரே அவருக்குப் பெரிய பள்ளிக்கூடமாயிற்று. அந்தப் போர் மூண்ட விதத்தைச் சிறிது சொல்லவேண்டும். பெத்லகேமிலும் எருசலேமிலும் உள்ள புனிதத் தலங்களில் யாருக்கு எந்த உரிமை என்று கத்தோலிக்கருக்கும் கிரேக்க மரபுக் கிறிஸ்தவருக்கும் நீண்ட நாட்பட்ட வழக்கு ஒன்று இருந்தது. அத்தலங்கள் துருக்கிச் சுல்தானின் ஆட்சியில் இருந்தன. பிரான்சு ஒரு சாராருக்குப் பரிந்து பேச, ருஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கொலாஸ், சுல்தானின் குடிகளான மரபுக் கிறிஸ்தவர் அனைவருக்கும் தாமே காவலர் என்று உரிமை கோரினார். 1853இல் ருஷ்யப் படை தன்யூப் நதிப் பிரதேசத்துள் நுழைந்தது. ருஷ்யா மத்தியதரைக் கடலுக்கு இறங்கிவிடும் என்று அஞ்சிய இங்கிலாந்தும் பிரான்சும் 1854 மார்ச்சில் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. சமயத்தின் பெயரால் தொடங்கிய வழக்கு, கடல்வழிகளின் பெயரால் பெரும் போராயிற்று.

தன்யூப் முனையில் இருந்த டால்ஸ்டாய் 1854 நவம்பரில் செவாஸ்டபோல் கோட்டைக்கு வந்தார். மறு ஆண்டு வசந்தத்தில், அக்கோட்டையின் மிக ஆபத்தான இடமாகிய நாலாவது கொத்தளத்திலே பீரங்கிப் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்து அவர் எழுதியனுப்பிய முதற் சித்திரத்தில் தேசாபிமானம் நிறைந்திருந்தது. அரண்மனையிலும் அதை விரும்பிப் படித்தார்கள். இரண்டாவது சித்திரத்திலோ வேறு மனிதர் பேசினார். பிணங்களை எடுப்பதற்காகச் சிறிது நேரம் சண்டை நிறுத்தப்படுகிறது. வெள்ளைக்கொடி பறக்கிறது. ருஷ்யச் சிப்பாயும் பிரெஞ்சுச் சிப்பாயும் அருகருகே வந்து, ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமலே புகையிலை பரிமாறிச் சிரித்துப் பேசுகிறார்கள். ஒரு சிறுவன் பிணங்களினிடையே நடந்து நீலநிறக் காட்டுப்பூக்களைப் பறிக்கிறான். கொடி இறங்கியதும் அதே மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்லத் தொடங்குகிறார்கள். அந்தச் சித்திரத்திலேயே ஒரு விநோதமான யோசனையையும் டால்ஸ்டாய் வைத்தார். இரு தரப்பும் தலைக்கு ஒரு சிப்பாயாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பக்கத்துக்கு ஒருவனாக நிறுத்திச் சண்டையிடச் செய்தால் என்ன? ராஜதந்திரிகளின் சிக்கலான வழக்கு சண்டையினாலேதான் தீரவேண்டுமென்றால், ஆளுக்கு எண்பதினாயிரம் பேர் மோதுவதைவிட இது எவ்வகையில் அறிவு குறைந்த முறை? வேடிக்கை போலத் தோன்றினாலும், இதற்கு விடை சொல்லக்கூடிய வெளிநாட்டு மந்திரி இன்றளவும் பிறக்கவில்லை என்பது எமது துணிபு. தணிக்கை அதிகாரிகள் அந்தக் கட்டுரையைச் சின்னாபின்னமாக வெட்டியே அச்சுக்கு விட்டார்கள்.

1855 செப்டம்பரில் செவாஸ்டபோல் வீழ்ந்தது. 1856 மார்ச் 30இல் பாரிசில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கருங்கடலில் ருஷ்யா போர்க்கப்பல் வைத்திருக்கக்கூடாது என்று விதித்தார்கள். பதினாலு ஆண்டுகள் கழித்து, பிரான்சு ஜெர்மானியரோடு பொருது தோற்றுக்கொண்டிருந்த சமயம் பார்த்து, ருஷ்யா அந்த விதியைத் தானாகவே தள்ளிவிட்டது. இங்கிலாந்தும் முணுமுணுத்துவிட்டு 1871இல் இணங்கிற்று. எதற்காகப் பல்லாயிரம் பேர் மடிந்தார்களோ, அது ஒரு பேனாக் கீறலில் மறைந்துபோயிற்று.

படையை விட்டு விலகிய டால்ஸ்டாய் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். ஊர் திரும்பிக் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1861இல் அடிமைக் குடியானவர் விடுதலை பெற்றபோது அவர்களுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் இடையே வழக்குத் தீர்க்கும் பதவியை ஏற்று, குடியானவர் பக்கமே சாய்கிறார் என்ற பழியைத் தம் குலத்தாரிடம் சம்பாதித்துக்கொண்டார். 1862இல் சோபியா அம்மையாரை மணந்தார். பதின்மூன்று குழந்தைகளைப் பெற்று, பண்ணையையும் பார்த்து, கணவரின் கிறுக்கலான கையெழுத்துப் பிரதிகளை மீண்டும் மீண்டும் படியெடுத்த அந்த அம்மையாரின் உழைப்பை உலகம் போதிய அளவு போற்றவில்லை.

1865 முதல் 1869 வரை வெளிவந்த பெருநாவலில் நெப்போலியன் காலத்துப் போர்களை எழுதினார். அதில் ஓர் இடத்தை மட்டும் சொல்வோம். 1807இல் தில்சித் என்ற ஊரிலே நெப்போலியனும் ருஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாந்தரும் சந்தித்து நண்பர்களாகிறார்கள். ஒருவர் படைவீரனுக்கு மற்றவர் பதக்கம் சூட்டுகிறார். அந்தக் கோலாகலத்தைப் பார்த்து நிற்கும் ருஷ்ய இளைஞன் ஒருவன், அதற்குச் சற்று முன்புதான் படை மருத்துவமனைக்குப் போய் வந்தவன். அழுகும் புண்களின் நாற்றம் இன்னும் அவன் நாசியில் இருக்கிறது. நேற்றுவரை பகைவன் என்று சொன்ன மனிதனை இன்று சகோதரன் என்கிறார்களே, அப்படியானால் அந்தக் கை கால்கள் எதற்காக வெட்டப்பட்டன என்று அவனுள் எழும் கேள்வியை அவனே அஞ்சி அடக்கிக்கொள்கிறான். சரித்திரத்தை நடத்துவோர் பெரிய மனிதர் என்று நாம் நம்புவது மயக்கம், பெயரறியாக் கோடிக்கணக்கானவரின் செயல்களே சரித்திரம் என்பது அந்நூலின் உட்பொருள்.

1870களில் ருஷ்யாவிலே புதியதோர் எழுச்சி கிளம்பியது. பால்கன் நாட்டு ஸ்லாவியச் சகோதரரைத் துருக்கியிடமிருந்து மீட்பது ருஷ்யாவின் தெய்வீகக் கடமை என்று பத்திரிகைகள் முழங்கின. தொண்டர் படைகள் சேர்பியாவுக்குப் புறப்பட்டன. டோஸ்டோயெவ்ஸ்கி போன்ற பேரறிஞரும் அந்தக் குரலோடு சேர்ந்தார். டால்ஸ்டாய் சேரவில்லை. அன்னா கரீனினா என்ற நாவலின் இறுதிப் பகுதியில், அத்தொண்டர்களின் உண்மை நிலையையும், குடியானவனுக்கு அந்த எழுச்சியைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதையும் எழுதினார். தொடர்கதையாக வெளியிட்டு வந்த பத்திராதிபர் கட்கோவ் அந்தப் பகுதியைப் போட மறுத்தார்; டால்ஸ்டாய் 1877இல் தம் செலவில் தனியாக அச்சிட்டார். அதே ஆண்டு போர் மூண்டது. வென்ற ருஷ்யா 1878 மார்ச்சில் சான் ஸ்டெபானோவில் பெரிய பல்கேரியா ஒன்றை வரைந்தது. நான்கு மாதங்களுக்குள் பெர்லின் மகாநாட்டில் வல்லரசுகள் கூடி அதை வெட்டிச் சுருக்கின. மீட்கப்பட்ட சகோதரரை அங்கேயும் எவரும் அதிகம் கேட்கவில்லை.

ஐம்பது வயதையடுத்து அவர் வாழ்வில் பெரிய மாறுதல் நிகழ்ந்தது. புகழும் செல்வமும் குடும்பமும் சூழ்ந்திருக்க, சாவதற்குமுன் வாழ்வுக்குப் பொருள் என்ன என்ற வினா அவரை வாட்டியது. இயேசுவின் மலைப்பிரசங்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, தீமையைத் தீமையால் எதிர்க்காதே என்ற ஒரே கட்டளையில் வந்து நின்றார். 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் சக்கரவர்த்தியைப் புரட்சிக்காரர் குண்டெறிந்து கொன்றனர். கொலையாளரை மன்னித்து விடும்படி புதிய சக்கரவர்த்திக்கு டால்ஸ்டாய் கடிதம் எழுதினார். பலனில்லை, ஐவர் தூக்கிலிடப்பட்டனர்.

1891இல் கொடிய பஞ்சம் வந்தது. ரியாசான் பகுதிக்குச் சென்று, மக்கள் மகளிரோடு தங்கி, இருநூறுக்கும் மேற்பட்ட உணவுச்சாலைகளை அவர் நடத்தினார். அதே 1891இல்தான் பிரெஞ்சுக் கடற்படை ருஷ்யாவின் குரோன்ஸ்டாட் துறைமுகத்துக்கு விருந்தாக வந்தது. முடிமன்னரை வீழ்த்திய பிரெஞ்சுப் புரட்சியின் கீதத்துக்கு, ருஷ்ய முடிமன்னர் எழுந்து தொப்பியைக் கழற்றி நின்றார். ஜெர்மனி தனித்தனியே தம்மை நெருக்கும் என்ற அச்சம் இருவரையும் இணைத்தது. பாரிசு வங்கிகளின் கடன் ருஷ்யாவுக்கு வேண்டியிருந்தது. 1893 அக்டோபரில் ருஷ்யக் கப்பல்கள் தூலோன் துறைமுகத்துக்குச் சென்றன. விருந்து, வாணவேடிக்கை, ஆலயங்களில் விசேட ஆராதனை, இடைவிடாத வாழ்த்துத் தந்திகள்! ஒப்பந்தத்தின் வாசகமோ இரகசியம். எவருடன் எப்போது போர் செய்யவேண்டும் என்று தங்கள் பெயரால் எழுதப்பட்டிருப்பதை இரு நாட்டு மக்களும் அறியார்.

இதைப்பற்றி டால்ஸ்டாய் 1894இல் எழுதிய கட்டுரை, அரசியல் படிக்கும் எந்த இளைஞரும் தேடிப் படிக்கவேண்டிய ஒன்று. கும்பலாக மக்களைப் பிடிக்கும் மனநோயோடு அந்த விழாக்களை அவர் ஒப்பிட்டார். தம் ஊரில் நடந்த ஒன்றையும் அதிலே சொன்னார். பிரெஞ்சுத் தேசாபிமானி ஒருவர் முன்பொரு முறை யாஸ்னயா பொல்யானாவுக்கு வந்தார். வயலிலே டால்ஸ்டாயோடு வைக்கோல் வாரிக்கொண்டிருந்த கிழக் குடியானவனுக்கு, பிரெஞ்சுக்காரரும் ருஷ்யரும் இரு புறமுமிருந்து ஜெர்மானியனை எப்படி நசுக்கவேண்டும் என்பதைக் கையால் பிசைந்து காட்டினார். கிழவன் விளங்காமல் விழித்தான். விளங்கியபின், இவரையும் நம்மோடு வேலைக்கு வரச்சொல்லுங்கள், வேலை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பொழுதுபோக்கலாம், அந்த ஜெர்மானியனையும் கூட்டிக்கொள்ளலாம் என்ற கருத்திலே பதில் சொன்னானாம். விருந்தாளிக்கு அது பாமரனின் பேதைமையாகப் பட்டது. டால்ஸ்டாய்க்கோ அதிலே ஒரு முழு வெளிநாட்டுக் கொள்கையே இருந்தது. தேசாபிமானம் மக்களிடம் இயல்பாக ஊறுவதன்று, பள்ளியும் பத்திரிகையும் பட்டாளமும் சேர்ந்து மேலிருந்து ஊற்றுவது என்பது அவரது வாதம்.

ஏறக்குறைய அதே காலத்தில், உங்களுக்குள்ளேயே கடவுளின் இராச்சியம் என்னும் நூலை எழுதினார். அது ருஷ்யாவில் தடை செய்யப்பட்டது. அரசு என்பது ஆயுதத்திலே நிற்கிறது. ஆயுதத்தைத் தூக்குபவன் ஏழைக் குடியானவன். அவன் மனச்சாட்சிப்படி அதைத் தூக்க மறுத்தால், எந்தச் சக்கரவர்த்தியாலும் போர் தொடுக்க முடியாது. இதுவே அதன் அரசியற் சாரம். குண்டெறியும் புரட்சிக்காரரையும் அவர் ஏற்கவில்லை. ஒரு வன்முறையை மற்றொன்றால் மாற்றுவதில் பயனில்லை என்றார். இந்தப் போதனை வெறும் ஏட்டிலே நிற்கவில்லை. 1895இல் காக்கேசியாவில் வாழ்ந்த துகொபோர் என்னும் சமயக் குழுவினர் தம் ஆயுதங்களையெல்லாம் குவித்து எரித்துப் பட்டாளத்துக்குப் போக மறுத்தார்கள். சவுக்கடியும் நாடுகடத்தலும் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் கனடாவுக்குக் குடியேற, டால்ஸ்டாய் தமது கடைசிப் பெருநாவலின் வருமானத்தைக் கொடுத்து உதவினார். 1901இல் திருச்சபை அவரைத் தள்ளிவைத்தது. பின்னாளில் சோவியத் அரசும், ஒருபுறம் அவர் நூல்களை அச்சிட்டுக்கொண்டே, மறுபுறம் அவர் வழியில் வாழ்ந்த விவசாயக் குழுக்களை 1930களில் கலைத்துவிட்டது. எந்த நிறத்து அரசுக்கும் அவரை முழுமையாகச் செரிக்க முடியவில்லை.

1904இல் மஞ்சூரியாவுக்காகவும் கொரியாவுக்காகவும் ருஷ்யாவும் யப்பானும் மோதின. 75 வயதைக் கடந்த டால்ஸ்டாய் இரு தரப்பையும் கண்டித்து எழுதிய நீண்ட கட்டுரை இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. உயிர்க்கொலை கூடாதென்று கற்ற பௌத்தரும், பகைவரை நேசிக்கக் கற்ற கிறிஸ்தவரும், ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து ஒருவரையொருவர் கொல்வதைக் கண்டு அவர் திகைத்தார். ஓர் ஆசிய நாடு ஐரோப்பிய வல்லரசை வென்றதென்று இந்தியாவிலும் மற்றெங்கிலும் மகிழ்ந்தவர் பலர். அந்த மகிழ்ச்சியிலும் அவர் பங்குகொள்ளவில்லை. அவர் மகன் ஒருவரே விரும்பிப் போருக்குப் போனார். போர்ட் ஆர்தர் கோட்டை சரணடைந்த செய்தி வந்தபோது தமக்கும் உள்ளம் வலித்ததைத் தினக்குறிப்பில் மறைக்காமல் எழுதி, இதுவும் தேசாபிமானமே, அதிலே வளர்ந்தவன் அதிலிருந்து இன்னும் விடுபடவில்லை என்று தம்மையே கடிந்துகொண்டார். பிறருக்கு உபதேசிப்பவர்களில் இப்படிப்பட்டவரைக் காண்பது அரிது.

இனி நம் பக்கம் வருவோம். 1908இல் கனடாவிலிருந்து இந்திய விடுதலைக்காகப் பத்திரிகை நடத்திய தாரக்நாத் தாஸ் என்ற வங்காளி இளைஞர், இந்தியாவுக்காக ஒரு கட்டுரை கேட்டு டால்ஸ்டாய்க்கு எழுதினார். விவேகானந்தரின் ராஜயோகத்தை முன்னமே படித்து வியந்தவரான டால்ஸ்டாய், பல மாதங்கள் திருத்தித் திருத்தி எழுதி அவ்வாண்டு டிசம்பரில் அனுப்பிய விடையே ஓர் இந்துவுக்குக் கடிதம் என்று பெயர் பெற்றது. அதன் பகுதிகளுக்கு முகப்பாகக் கண்ணபிரானின் உபதேசமாகக் கூறப்படுபவற்றை வைத்தார். ஒரு பகுதிக்கு நமது திருக்குறளை வைத்தார். இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து ஆறு குறள்களின் கருத்து அங்கே வரிசையாக நிற்கிறது. தீமை செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்வதே தண்டனை என்ற வள்ளுவர் வாக்கை, பனி மூடிய ருஷ்யக் கிராமத்திலிருந்து ஒரு கிழவர் இந்தியாவுக்கு நினைவூட்டினார்! கடிதத்தின் அரசியற் பகுதி கசப்பானது. இருபது கோடி மக்களை முப்பதாயிரம் சாதாரண மனிதர் அடிமை கொண்டதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும், ஆங்கிலேயர் அடிமைப்படுத்தவில்லை, இந்தியர் தாமாகவே உடந்தையாயினர், உடந்தையாவதை நிறுத்துங்கள் என்பது அதன் கருத்து.

அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று 1909இல் இலண்டன் சென்றிருந்த காந்தியடிகளின் கைக்கு வந்தது. டிரான்ஸ்வாலில் இந்தியரின் போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்த அவர், அக்டோபர் முதலாம் திகதி டால்ஸ்டாய்க்கு எழுதி, கடிதத்தை அச்சிட அனுமதி கேட்டார். கூடவே ஒரு வேண்டுகோள்: மறுபிறப்பு நம்பிக்கையைக் குறைத்துப் பேசும் சொல்லொன்றை எடுத்துவிடலாமா, அது கோடிக்கணக்கான இந்தியரின் ஆறுதல் அல்லவா? டால்ஸ்டாய், தமக்கு அதை எடுக்க விருப்பமில்லை, ஆயினும் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்ற பொருளிலே பதிலளித்தார். இரு பெரியாரும் கருத்து வேற்றுமையை நடத்திய பண்பு இளைஞர் கவனிக்கத்தக்கது. நவம்பரில் தென்னாபிரிக்கா திரும்பும் கப்பலிலேயே காந்தியடிகள் அதைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார்.

டிரான்ஸ்வால் என்ற பெயர் எம்மூருக்குப் புதிதன்று. அப்புத்தளைக்கு அடுத்த தியத்தலாவையில் 1900 முதல் 1902 வரை ஏறத்தாழ 5,000 போயர் யுத்தக் கைதிகளை ஆங்கிலேயர் அடைத்து வைத்திருந்தனர். அவர்களுட் பலர் டிரான்ஸ்வால் குடியானவர்கள். அந்தப் போர் முடிந்தபின், அந்த நாட்டிலே இந்தியர் அனைவரும் விரல்ரேகை பதித்துப் பத்திரம் பெறவேண்டுமென்ற சட்டம் வந்தது. நம் முன்னோர் மன்னார்ப் பாதை வழியாகக் கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்த காலத்திலேயே, அதே சென்னை மாகாணத்திலிருந்து 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோரின் வழிவந்த தமிழர் பலர், அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றார்கள். அவர்களின் குடும்பங்களுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. கலன்பாக் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர், ஜொகானஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவிலிருந்த தமது 1,100 ஏக்கர் நிலத்தை 1910 மே 30இல் அவர்களுக்காக ஒப்படைத்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டு, அவருக்கும் எழுதித் தெரிவித்தார்.

தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர், இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லாரும் அங்கே ஒரே சமையலில் உண்டார்கள். வேலைக்காரர் எவருமில்லை. செருப்புத் தைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், நகரத்துக்கு நடந்தே போய் வந்தார்கள். போப்பையரின் தமிழ்க் கைந்நூல் ஒன்றைத் துணையாகக் கொண்டு காந்தியடிகளே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துச் சொல்லிக்கொடுத்தார். உலகின் ஒரு மூலையிலே நம்மவர் நடத்தும் அந்தப் போராட்டம், மனித குலத்துக்கே முக்கியமான பணி என்று டால்ஸ்டாய் 1910 செப்டம்பரில் காந்தியடிகளுக்கு எழுதினார். அதுவே அவருக்கு எழுதிய கடைசிக் கடிதம்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. டால்ஸ்டாய் அரசையே வேண்டாமென்றார். பிறந்த நாட்டிலே நிலமும் பெயரும் பிரசாவுரிமையும் உடைய பிரபுவுக்கு அப்படிச் சொல்வது எளிது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒரு துண்டுக் கடதாசிக்காகக் கச்சேரி வாசல்களில் காத்து நின்ற மக்களுக்கு, அரசில்லாத வாழ்வு என்பது விடுதலையாகத் தெரியாது. எங்கள் பெயர் எந்த நாட்டுப் புத்தகத்திலும் இல்லையே என்பதுதான் நம்மவரின் துயரமாயிருந்தது. ஆனால் டிரான்ஸ்வால் தமிழர் செய்ததைப் பாருங்கள். 1908 ஆகஸ்டில் ஜொகானஸ்பேர்க் பள்ளிவாசல் திடலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பத்திரங்களைக் கொப்பரையிலிட்டு எரித்தவர்களுள் அவர்களும் இருந்தார்கள். ஆயினும் அவர்கள் கேட்டது அரசின் அழிவையன்று. அந்த நாட்டிலே மானத்தோடு வாழும் உரிமையை. டால்ஸ்டாயின் மருந்திலே தமக்கு வேண்டிய பாகத்தை எடுத்து, வேண்டாததை விட்டுவிட்டார்கள். குருவைவிட அந்தச் சீடர்கள் உலகறிந்தவர்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது.

தம் வாழ்வுக்கும் போதனைக்கும் இடையிலிருந்த முரண் டால்ஸ்டாயை இறுதிவரை அரித்தது. குடியானவர் உடையில் உழுதார். மாலையில் மாளிகைக்கே திரும்பினார். நூல்களின் உரிமையை உலகுக்கு விடவேண்டுமென அவரும், பிள்ளைகளின் வாழ்வுக்கு வேண்டுமென மனைவியாரும் போராடிய வீட்டிலே அமைதியில்லை. 1910 நவம்பர் 10ஆம் திகதி அதிகாலையில், 82 வயதிலே, மருத்துவர் ஒருவரோடு இரகசியமாக வீட்டை விட்டு வெளியேறினார். ரயிலிலே சுரம் கண்டது. அஸ்தாப்போவோ என்னும் சிறு புகையிரத நிலையத்தில் நிலைய அதிபரின் வீட்டிலே கிடந்து, 20ஆம் திகதி உயிர் நீத்தார். சமயச் சடங்கின்றி, சிலுவையும் கல்லும் நாட்டாமல், தம் ஊர்க் காட்டோரத்து மண்ணிலே அடக்கம் செய்யப்பட்டார். சிறுவயதில் அண்ணன் நிக்கொலாய், மனிதரெல்லாம் இன்பமாக வாழும் இரகசியம் எழுதிய பச்சைக்கோல் ஒன்று புதைந்திருப்பதாகக் கதை சொன்ன இடம் அது. அங்கேயே புதைக்குமாறு அவரே கேட்டிருந்தார்.

மூன்று ஆண்டுகளின்பின், டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த தமிழ்ப் பெண்கள் எல்லை கடந்து நேட்டாலின் நியூகாசில் சுரங்கங்களுக்குச் சென்று, ஒப்பந்தக் கூலிகளை வேலை நிறுத்தத்துக்கு அழைத்தார்கள். தலைக்கு மூன்று பவுண் வரி விதித்த சட்டத்தை எதிர்த்து, 1913 நவம்பர் 6ஆம் திகதி 2,037 ஆடவரும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தார்கள். சிறையிலே நோயுற்ற பதினாறு வயது வள்ளியம்மை, விடுதலையாகி 1914 பெப்ரவரி 22இல் மறைந்தாள். அந்த ஆண்டின் நடுவில் வரி நீங்கியது; நம்மவர் முறைப்படி செய்த விவாகங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஜூலையில் காந்தியடிகள் தென்னாபிரிக்காவை விட்டுப் புறப்பட்டார்.

அவர் கப்பல் கடலிலே செல்லும்போதே, தூலோன் விருந்தில் கொண்டாடப்பட்ட கூட்டுறவு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் முதலாம் திகதி ஜெர்மனி ருஷ்யாவின்மீது போர் அறிவித்தது. மூன்றாம் நாள் பிரான்சின்மீதும் அறிவித்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ருஷ்யக் குடியானவச் சிப்பாய்கள் அப்போரில் மடிந்தார்கள். டால்ஸ்டாயின் கடைசி மகள் அலெக்சாந்திரா தாதியாகப் போர்முனைக்குச் சென்றார். அவரது கடைசிக் காரியதரிசியாயிருந்த புல்ககோவ் என்ற இளைஞர், போரில் சேராதீர்கள் என்று ஓர் அறிக்கை எழுதி, நண்பர்களிடம் கையெழுத்து வாங்கி, அவ்வாண்டு முடியுமுன்னே சிறை புகுந்தார்.